துண்டுக்கடியில் எண்பது

செங்கல்பட்டு ஜங்ஷனுக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டியிருந்த தோல் மண்டியில் அப்துல் கையூம் பதினான்கு வருஷம் வேலை பார்த்தார். வந்து இறங்கும் ஆட்டுத்தோல்களை முதல் ரகம், இரண்டாம் ரகம், கழிவு என்று பிரித்துப் போடுவது அவர் வேலை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு தோலின்மேல் உள்ளங்கையை ஓட்டினால் போதும், ஆடு எந்த ஊரில் மேய்ந்தது, உரித்தவன் அவசரக்காரனா நிதானக்காரனா, உப்பு போட எத்தனை மணி நேரம் தாமதமாயிற்று என்பதையெல்லாம் சொல்லிவிடுவார் என்று மண்டியில் பேசிக்கொள்வார்கள். இதில் கொஞ்சம் மிகை உண்டு. ஆடு மேய்ந்த ஊரை யாராலும் சொல்ல முடியாது. மற்ற இரண்டையும் அவர் சொல்வார். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும்.

மண்டி முதலாளி நூர்முகமது ராவுத்தர் அவருக்கு மாதம் ஐம்பத்தைந்து ரூபாய் கொடுத்தார். சம்பளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், “கையூம், நீ இன்னா வேலக்காரனா? இந்த மண்டிக்குப் புள்ள மாதிரி” என்பார். பிள்ளைக்குச் சம்பளம் ஏற்ற வேண்டியதில்லை என்பதும் அந்த அன்பிலேயே அடங்கியிருந்தது. கையூம் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அந்த மண்டியில் விலையை வாயால் பேசமாட்டார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் எதிரெதிரே உட்கார்ந்து, வலது கைகளைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். பேரமெல்லாம் துண்டுக்கடியில் விரல்களால் நடக்கும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. முழுக்கையையும் பிடித்து, விட்டு, பிறகு மூன்று விரலைப் பிடித்தால் எட்டு. ஒற்றைக் கணக்கா, பத்தின் கணக்கா என்பதை மட்டும் முதலில் சொல்லிக்கொள்வார்கள். சுற்றி இருபது பேர் நின்றாலும் விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும். முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது என்பது சட்டம். அழுகிப்போன தோல்தான் வாயால் ஏலம் போகும்.

ஆளுக்கும் அதே வழக்கம். ஒரு மண்டிக்காரர் இன்னொரு மண்டியின் ஆளைச் சம்பளம் பேசி எடுத்தாலும் துண்டு போட்டுத்தான் பேசுவார். ஒரு மனிதனுடைய விலையை நாலு பேர் முன்னால் வாயால் சொல்வது அவனை ஏலம் விடுவதற்குச் சமம் என்று கையூமும் நினைத்தார், அவருக்கு முன்னால் அங்கே இருந்தவர்களும் நினைத்தார்கள். அதைச் சரி என்றோ தவறு என்றோ நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. மனிதன் தனக்கு விலை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறான், அது வெளிச்சத்தில் தெரிவதைத்தான் தாங்கமாட்டேன் என்கிறான். அந்த வெட்கத்துக்கு மண்டிக்காரர்கள் ஒரு துண்டு கண்டுபிடித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

துண்டுப் பேரத்தில் கையூமை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. எதிராளியின் கை ஈரமாகிறதா, கட்டைவிரல் தயங்குகிறதா, ஒரு விலையைக் கொடுத்துவிட்டு விரலை உடனே விடுகிறானா, கொஞ்சம் வைத்திருக்கிறானா என்பதை வைத்தே அவன் இன்னும் எவ்வளவு தூரம் வருவான் என்று கணித்துவிடுவார். ராவுத்தருக்காக இப்படி எத்தனையோ ஆயிரங்களைப் பேசி முடித்திருக்கிறார். தனக்காக ஒரே ஒரு தடவைதான் பேசினார். 1952இல் பல்லாவரத்தில் ஒரு பதனிடும் சாலையில் வேலை வந்தது. எழுபத்தைந்து என்றார்கள். எண்பதுக்கு இழுத்தார். வரவில்லை. எழுந்து வந்துவிட்டார். அந்த இடத்துக்கு மறுநாளே வேறு ஆள் வந்துவிட்டான். மூன்று வருஷம் கழித்தும் அவர் மனைவி சுல்தான் பீவி அந்த ஐந்து ரூபாயை மறக்கவில்லை.

1955இல், ரம்ஜான் முடிந்து பதினைந்து நாள் இருக்கும், சுல்தான் பீவியின் அண்ணன் முனீர் ஒரு செய்தி கொண்டுவந்தான். சென்னையிலிருந்த ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனிக்கு அவன் ஊர் ஊராகப் போய்த் தோல் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தக் கம்பெனி செங்கல்பட்டில் சொந்தமாகக் கிடங்கு திறக்கிறதாம். தரம் பிரிக்க ஒரு தலைமை ஆள் வேண்டுமாம். மேனேஜர் பூவராகவன் குடும்பத்தோடு மாமல்லபுரம் பயணியர் விடுதியில் பத்து நாள் தங்கப்போகிறார். கடல் காற்று வாங்கின மாதிரியும் ஆயிற்று, ஆள் எடுத்த மாதிரியும் ஆயிற்று.

“மச்சான், இத்த வுட்டா வேற வராது” என்றான் முனீர். “ஆம்பூர்லேந்து ஒருத்தன் மனு போட்டுகீறான். பத்தாவது படிச்ச பையன் ஒருத்தன் வேற. உன் கைக்கு முன்னால அவனுங்க நிக்க மாட்டானுங்க. ஆனா சம்பளத்துல பல்லாவரம் மாதிரி பண்ணிடாத.”

“பல்லாவரத்துல நான் இன்னா பண்ணேன்?”

“அஞ்சி ரூபாய்க்குக் கோச்சிகினு வந்தே.”

“கோச்சிக்கல மச்சான். பேரம் முறிஞ்சிது.”

“முறிஞ்ச பேரத்த அடுப்புல வெச்சா சோறு வேவுமா?” என்று முனீர் சிரித்தான். உள்ளேயிருந்த சுல்தான் பீவி சிரிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கேட்டாள், “எவ்ளோ கேக்கப் போறீங்க?”

“நூத்தம்பது.”

“குடுப்பாங்களா?”

“கேக்கறது நூத்தம்பது. எங்க நிக்குதுன்னு கை சொல்லும்.”

“அது சரி. எவ்ளோ குடுத்தா போவீங்க?”

இந்தக் கேள்விக்கு கையூம் தன் வாழ்நாளில் யாருக்கும் பதில் சொன்னதில்லை. ராவுத்தரே கேட்டாலும், “பாத்துக்கலாம் பாய்” என்றுதான் சொல்வார். பேரக்காரனுக்கு அடிவிலை என்பது வயிற்றுக்குள் இருக்கவேண்டிய பொருள். ஆனால் எதிரே இருந்தவள் வாங்குகிறவளும் அல்ல, விற்கிறவளும் அல்ல. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“எம்பது. எம்பது குடுத்தா போய்டுவேன். அதுக்கு ஒர்ரூபா கொறஞ்சாலும் ராவுத்தர்கிட்டயே கெடந்துட்டுப் போறேன்.”

அவள் தலையாட்டினாள். மகள் ஹபீபாவுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை கையூமும் முனீரும் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தார்கள். கையூம் துவைத்த வேட்டியும், பெருநாளைக்கு எடுத்த சட்டையும் போட்டிருந்தார். தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. விடுதி வாசலில் காவல்காரர் மாயவன் வலை பின்னிக்கொண்டிருந்தார். மீனவக் குப்பத்து ஆள்.

“இன்னா பாய், வேலைக்கா? அய்யா இன்னும் எழுந்துக்கல. நேத்து சாயங்காலம் கடல்ல எறங்கி ஒரே கும்மாளம். உங்களுக்கு முந்தி ரெண்டு பேரு வந்து தோட்டத்துல குந்திகினுகீறாங்க.”

“எந்த ஊர்க்காரங்க?” என்றான் முனீர்.

“நான் கண்டனா? ஒருத்தன் பூட்ஸு போட்டுகினுகீறான். அவனுக்குத்தான் வேல.” மாயவன் கையூமின் காலைப் பார்த்தார். “நீங்களும் ஒரு பூட்ஸு போட்டுகினு வந்திருக்கலாம்.”

“தோல காலால பாக்க சொல்ல மாட்டாங்க அண்ணாத்த” என்றார் கையூம். மாயவன் பல் தெரியச் சிரித்தார். கையூமும் சிரித்தார்; அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

பதினோரு மணிக்கு மேனேஜர் பூவராகவன் வராந்தாவுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடி, வெயிலில் சிவந்த நெற்றி. கெட்ட மனிதரில்லை. வந்திருந்த மூவரையும் உட்காரச் சொன்னார், மோர் கொடுக்கச் சொன்னார். பிறகு ஒரு சாக்கை அவிழ்த்துப் பன்னிரண்டு தோல்களைத் தரையில் விரித்தார்கள். ஒவ்வொருவரும் பிரித்துக் காட்டவேண்டும்.

பூட்ஸ் போட்ட பையன் தோல்களைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஆம்பூர்க்காரர் முகர்ந்து பார்த்தார், மடித்துப் பார்த்தார். இருவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி பிரித்தார்கள். கையூம் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் உள்ளங்கையை ஓட்டினார். மற்ற இருவரும் முதல் ரகத்தில் வைத்திருந்த ஒரு தோலை எடுத்துக் கழிவில் போட்டார்.

“அது ஏன்?” என்றார் பூவராகவன்.

“கத்தி பட்டுகீது சார். இந்தப் பக்கம் தெரியாது. பதம் போட்டு இழுத்தா கிழியும்.”

பூவராகவன் தானே குனிந்து தோலைத் திருப்பி, உட்புறத்தில் நகத்தால் சுரண்டினார். சவ்வுக்கடியில் மயிரிழைபோல ஒரு வெட்டு இருந்தது. அவர் அந்தத் தோலைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு மற்ற இருவரையும் பார்த்து, கடிதம் போடுவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். வேலை தனக்குத்தான் என்று கையூமுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. முனீர் தூணில் சாய்ந்தபடி புன்னகை செய்தான்.

பூவராகவன் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். “சரி பாய். சம்பளம் என்ன எதிர்பார்க்கறீங்க? சொல்லுங்க.”

வராந்தாவில் அப்போது மேனேஜரின் மனைவி இருந்தாள். மோர் கொண்டுவந்த சமையற்காரர் இருந்தார். படியில் மாயவன் இருந்தார். கையூமுக்கு வாய் வரவில்லை. பதினான்கு வருஷம் விலை பேசியே வாழ்ந்த மனிதர் ஒரு எண்ணைச் சொல்ல முடியாமல் நின்றார். அந்த எண் அவருடையது, கேட்பவர்கள் நாலு பேர். அவர் கை தானாகத் தோளிலிருந்த துண்டைத் தொட்டது.

முனீர் முன்னால் வந்தான். “சார், எங்க மண்டி வழக்கம் ஒண்ணு கீது. சம்பளத்த வாயால பேச மாட்டாங்க. கையப் புடிச்சித் துண்டப் போட்டுத்தான் பேசுவாங்க. உங்களுக்கு அது பழக்கமில்ல. உங்க சார்பா நான் புடிக்கறேன். முடிஞ்சத உங்களுக்குச் சொல்றேன்.”

பூவராகவனுக்கு வேடிக்கையாக இருந்தது. “அப்படி ஒண்ணு இருக்கா? வாயாலயே சொன்னா சுலபமாச்சே பாய்?” என்று கையூமைப் பார்த்தார்.

“துண்டுன்னா நல்லாருக்கும் சார்” என்றார் கையூம்.

இதுதான் அவர் செய்த தவறு. அதை அவர் அறிய எட்டு மாதம் ஆயிற்று.

இருவரும் வராந்தாத் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். துண்டு விழுந்தது. பத்தின் கணக்கு என்று முனீர் சத்தமாகச் சொன்னான். கையூம் முனீரின் முழுக்கையையும் மூன்று தரம் பிடித்து விட்டார். நூற்றைம்பது. முனீர் முழுக்கையை ஒரு தரம் பிடித்தான், பிறகு மூன்று விரல். எண்பது.

கையூம் அதைத் தொடக்க விலை என்றுதான் எடுத்துக்கொண்டார். நூற்றுமுப்பதுக்கு இறங்கினார். எண்பது வந்தது. நூற்றுப்பத்து. எண்பது. வாங்குகிறவனுடைய கை ஏறும். எவ்வளவு கஞ்சனாக இருந்தாலும், மரியாதைக்காகவாவது ஒரு விரல் நகரும். ஏன் நகருமென்றால், எதிராளி எங்கே நிற்பான் என்று அவனுக்குத் தெரியாது; தேடிப்பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தக் கை எதையும் தேடவில்லை. ஈரமில்லை, தயக்கமில்லை. தன் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைத் தொடும் கை மாதிரி இருந்தது. கையூம் நூறு என்றார். பழைய முழுக்கை, பழைய மூன்று விரல்கள்.

தெரிந்த எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பது அப்போது அவருக்கு உறைத்தது. அந்த எண்ணை அவர் உலகத்தில் ஒருவரிடம்தான் சொல்லியிருந்தார்.

துண்டுக்கடியில் சத்தம் போட முடியாது. முகத்தைச் சுளிக்க முடியாது. தனக்கு நேர்ந்ததைப் புரிந்துகொள்ளும் அந்தக் கணத்தில், அது நேராததுபோல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பதினான்கு வருஷப் பழக்கம் அதைச் செய்து கொடுத்தது.

எழுந்து வந்திருக்கலாமே என்று பிற்காலத்தில் அவரிடம் கேட்டவர்கள் உண்டு. நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவருக்கு எண்பது போதும் என்பது பொய்யில்லை, அவரே சாப்பாட்டின்முன் உட்கார்ந்து சொன்னது. போதும் என்று தானே சொன்ன தொகையை இன்னொருவன் கொடுக்கும்போது, உனக்கு எப்படித் தெரியும் என்று வேண்டுமானால் கேட்கலாம். போதாது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் வீட்டில் சொன்னது பொய்யாகும். எழுந்து போனால் ராவுத்தரிடம் ஐம்பத்தைந்து. சுல்தான் பீவிக்கு இரண்டாவது பல்லாவரம். கையூம் முனீரின் முழுக்கையைப் பிடித்து விட்டார். பிறகு மூன்று விரல்களைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அப்போதுதான் முனீரின் கை முதல்முறையாக ஈரமாயிற்று.

“எம்பது, சார்” என்று முனீர் துண்டை எடுத்தான்.

பூவராகவன் ஒரு வினாடி முனீரைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். “ஒண்ணாம் தேதி வந்துடுங்க பாய்.”

திரும்பும் பஸ்ஸில் முனீர் பேசிக்கொண்டே வந்தான். கிடங்கு எங்கே வரப்போகிறது, உப்பு எங்கிருந்து வரும், எத்தனை ஆள் கையூமுக்குக் கீழே இருப்பார்கள். கையூம் ஜன்னல் வழியாகச் சவுக்குத் தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“இன்னா மச்சான், மூஞ்ச இப்டி வெச்சிகினுகீற? அம்பத்தஞ்சிலேந்து எம்பது. ஒரே தாவு.”

“நீ ஏன் ஏறவே இல்ல?”

“மேனேஜர் போட்ட எல்ல அது. நான் இன்னா பண்றது? எம்மேல கோவப்படற.”

“கோவம் இல்ல” என்றார் கையூம்.

வீட்டில் சுல்தான் பீவி வாசலுக்கே வந்துவிட்டாள். “இன்னா சொன்னாங்க?”

“எம்பது.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று முந்தானையை முகத்தில் ஒற்றிக்கொண்டாள். அவள் சந்தோஷத்தில் குறையில்லை. ஆனால் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியமில்லாத சந்தோஷத்தை கையூம் அதற்குமுன் பார்த்ததில்லை.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கேட்டார். “உங்க அண்ணன்கிட்ட சொன்னியா?”

அவளுக்குப் பொய் சொல்ல வராது. “சொன்னேன்.”

“எப்ப?”

“புதன்கெழம வந்தாரு. நான்தான் கேட்டேன், நீ கூடத்தான போற, பேச்சு முறிஞ்சிப்புடும் போல இருந்தா இவரு எம்பதுக்கு வந்துடுவாரு, பாத்துக்கோன்னு. முறிஞ்சா மட்டும்னுதான் சொன்னேன். சத்தியம் வாங்கினுதான் சொன்னேன்.”

“அது எனக்கும் உனக்கும் நடுவுல சொன்ன பேச்சு.”

“ஆமா.” அவள் குரல் உயர்ந்தது. “நீங்க கையப் புடிச்சிகினு வெளயாடுவீங்க. ஜெயிச்சா உங்க கெட்டித்தனம். முறிஞ்சா? போன தடவ முறிச்சிட்டு வந்து தோசை கேட்டீங்க. மாவு இருந்துதா இல்லியான்னு உங்களுக்குத் தெரியுமா? மூணு வருசமா ஒரு புதுச் சேலை எடுக்கல நான். ஹபீபாவ ஸ்கூல்லேந்து நிறுத்தலாமான்னு கேட்டீங்களே, அது யாரால? என் அண்ணன்கிட்டதான சொன்னேன். சந்தையில கூவுனேனா?”

அவள் சொன்னதில் ஒன்றுகூடத் தவறாக இல்லை என்பதுதான் அவரை வதைத்தது. காரணம் சரியாக இருந்துவிட்டால் துரோகம் துரோகமில்லாமல் போய்விடுமா என்ற கேள்வியைப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். வலியைக் குறைக்கிற விடை ஒன்றும் எனக்குத் தட்டுப்படவில்லை. கையூம் முகம் கழுவிக்கொண்டு தொழப் போனார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, போகட்டும், எண்பது கிடைத்ததல்லவா, முனீரும் மேனேஜர் போட்ட எல்லையைத்தானே சொன்னான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

கிடங்கு நன்றாக நடந்தது. தை மாதம் பூவராகவனைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். புறப்படும் நாளில் கிடங்கிலேயே டீயும் கேக்கும் வைத்து விடை கொடுத்தார்கள். எல்லோரும் கலைந்த பிறகு பூவராகவன் கையூமைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார்.

“பாய், நான் எடுத்த ஆட்கள்லே நீங்கதான் கம்பெனிக்கு மலிவா கிடைச்ச ஆளு. தப்பா நினைக்காதீங்க, வேடிக்கைக்குச் சொல்றேன். அந்த இடத்துக்கு நூத்தி இருபத்தஞ்சு சாங்ஷன் ஆகி பைல்லே இருந்தது. அன்னிக்கு நீங்க வாயைத் திறந்து நூத்தம்பதுன்னு கேட்டிருந்தா, நான் நூத்தி இருபத்தஞ்சு போட்டுட்டு எழுந்து போயிருப்பேன்.”

கையூம் கேட்டார், “எல்ல நீங்க போட்டது இல்லியா சார்?”

“நான் எங்கே போட்டேன்? முனீர் முந்தின நாளே வந்து, எண்பதுக்கு முடிச்சுத் தரேன், என்னை ஞாபகம் வெச்சுக்குங்கன்னான். அதுக்காக அவனுக்குப் பதவி உயர்வு குடுத்து இருபது ரூபா ஏத்தினேன். நான் உங்களைக் கேட்டேனே பாய், வாயாலயே சொல்லுங்கன்னு. துண்டு வேணும்னது நீங்கதானே?”

“ஆமா சார். நான்தான்.”

“இப்போ பைலை மூடியாச்சு. புது மேனேஜர்கிட்டே சொல்லிப் பாருங்க” என்று கையைக் குலுக்கிவிட்டு அவர் ரயிலேறிப் போனார்.

முனீர் மறுநாள் கிடங்கின் உப்புக் கொட்டகையில் அகப்பட்டான். கையூம் நேராகவே கேட்டார். “முந்தின நாளே போய் வித்துட்டியா மச்சான்?”

முனீர் மறுக்கவில்லை. முதலில் கொட்டகையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தான். “வித்துட்டேன்னு சொல்லாத. உனக்கு வேல வாங்கிக் குடுத்தேன். எம்பதுன்னா போய்டுவேன்னு நீதான சொன்ன? நான் எழுவத்தஞ்சின்னு நின்னனா? உன் விலய நான் கொறைக்கல.”

“சத்தியம் பண்ணியாமே.”

“முறிஞ்சா சொல்லுன்னா தங்கச்சி. முறியாம பாத்துகினேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “எனக்கும் நாலு புள்ளைங்க கீது மச்சான். ஊர் ஊரா நாய் மாதிரி சுத்திகினு இருந்தேன். ஒரு நாக்காலி கெடைக்கும்னு தோணிச்சி. உனக்கும் கேட்டது கெடைக்குது. யாருக்கு இன்னா நஷ்டம்?”

“நாப்பத்தஞ்சு ரூபா.”

“அது உனக்குத் தெரியாம இருந்த வரிக்கும் நீ நல்லாத்தான இருந்த?”

கையூம் அவனை அடிக்கவில்லை. அடிக்கவேண்டும் என்று தோன்றியதாக மட்டும் பிறகு ஒருமுறை சொன்னார். ஒரு கை உப்பை அள்ளி, எதிரே கிடந்த தோலின்மேல் தூவித் தேய்த்துவிட்டு வெளியே வந்தார். அன்றிலிருந்து முனீரோடு வேலைப் பேச்சுக்குமேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இதை மனைவியிடம் சொல்வதா வேண்டாமா என்று நாலு மாதம் மனதிலேயே வைத்திருந்தார். சொன்னால் அண்ணன் தங்கை உறவு அறுந்துபோகும். சொல்லாவிட்டால், தான் செய்தது நல்லதே என்று அவள் கடைசிவரை நம்பிக்கொண்டிருப்பாள். அதை அவரால் தாங்க முடியவில்லை. இதில் பெருந்தன்மை எவ்வளவு, பழிவாங்கல் எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. அடுத்த பெருநாளைக்கு முனீர் குடும்பத்தோடு வந்தான். கையூம் மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லி வெளியே போய்விட்டு, அவர்கள் போன பிறகு வந்தார்.

“எங்க அண்ணன் இன்னா பண்ணிட்டாரு உங்களுக்கு?” என்று சுல்தான் பீவி பிடித்துக்கொண்டாள். “வருசத்துக்கு ஒரு நாளு. மூஞ்சி குடுத்துப் பேசினா கொறஞ்சா போய்டுவீங்க?”

அவர் சொல்லிவிட்டார். நூற்று இருபத்தைந்து, முந்தின நாள், இருபது ரூபாய் ஏற்றம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார்.

அவள் கழுவிக்கொண்டிருந்த பீங்கான் தட்டைக் கீழே வைத்தாள். “முறிஞ்சா மட்டும்னு சொன்னேன்” என்றாள். மறுபடியும் அதையே சொன்னாள், இந்த முறை தனக்குத்தானே. அழவில்லை. நாற்பத்தைந்தைப் பதினொரு மாதத்தால் பெருக்கிப் பார்க்கிறாளோ என்று கையூம் நினைத்தார். அவள் பெருக்கவில்லை. நிமிர்ந்து கேட்டாள்.

“நீங்க யாருக்கும் அடிவெலை சொல்ல மாட்டீங்களே. எங்கிட்ட மட்டும் ஏன் நெசத்த சொன்னீங்க? நூறுன்னு சொல்லியிருந்தா நான் நூறுன்னுதான சொல்லியிருப்பேன்.”

“உங்கிட்டயுமா பேரம் பேசணும்?”

அவள் தட்டை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள். ஏற்கெனவே கழுவின தட்டு அது.

அதற்குப் பிறகும் அவர்கள் குடும்பம் நல்லபடியாகவே நடந்தது. ஹபீபா பள்ளிக்கூடத்திலிருந்து நிற்கவில்லை. சுல்தான் பீவி அண்ணன் வீட்டுக்குப் போவதைத் தானாகவே நிறுத்திக்கொண்டாள். புது மேனேஜரிடம் கையூம் ஒருமுறை மனுப் போட்டார். பார்க்கலாம் என்றார்கள், பார்க்கவில்லை. நயா பைசா வந்த வருஷம், ஐம்பத்தேழில், கம்பெனி எல்லோருக்கும் சம்பளத்தைத் திருத்தப்போவதாகவும், ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்கப்போவதாகவும் அறிவித்தது. கையூமைச் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள்.

முந்தின நாள் மதியம் சாப்பாடு போடும்போது சுல்தான் பீவி மெதுவாகக் கேட்டாள், “நாளைக்கு எவ்ளோ கேக்கப் போறீங்க?”

“நூத்தம்பது. வாயாலயே கேக்கப் போறேன்.”

“கேளுங்க.” ரசத்தை ஊற்றினாள். கரண்டியைச் சட்டியில் வைத்தாள். “எவ்ளோ குடுத்தா ஒத்துக்குவீங்க?”

கையூம் சோற்றில் குழி பறித்து ரசத்தைத் தேக்கினார். அந்த எண் அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாரமாக அதை யோசித்து வைத்திருந்தார்.

“தெரியல” என்றார்.

அவள் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.